பித்தப்பைக் கல்: துளை போட்டா, கிழித்தா, ரோபோவா?

கேள்வி: ஜனவரி 6, 2024
அம்மாவுக்கு 58 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தபோது பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பெரியது 14 மி.மீ. மூன்று இடத்தில் கேட்டோம். ஒருவர் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்வது), மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். இன்னொருவர் ரோபோ என்கிறார், செலவு இரண்டு மடங்கு. பக்கத்து வீட்டு மாமா, "ஓப்பன்தான் உறுதி, துளை போட்டால் உள்ளே கல் மிச்சம் நின்றுவிடும்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். திண்டுக்கல்.

பதில்: ஜனவரி 6, இரவு
துளைதான், தம்பி. ஆனால் எந்த டாக்டர் என்பதில் கவனமாக இருங்கள். 2022 ஜூலையில் என் அம்மாவுக்குத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்தோம். ஒரு மணி நேர வேலை, நாளைக்கு இட்லி சாப்பிடலாம் என்று சொல்லித்தான் உள்ளே அழைத்துப் போனார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சின்ன டாக்டர் வெளியே வந்து, "உள்ளே ஒட்டிப் போயிருக்கு, ஓப்பன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். என் தம்பி அந்த வராந்தாவிலேயே கத்தித் தீர்த்துவிட்டான். வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஆறு அங்குலம் கிழித்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு டியூப். இரண்டு நாள் என்றது ஆறு நாள் ஆயிற்று. 70,000 பேக்கேஜ் 1,12,000 ஆனது. கை பழகாத டாக்டரிடம் கொடுத்துவிட்டோம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதே வருஷம் என் நாத்தனாருக்குக் கரூரிலேயே செய்தார்கள். மூன்று துளை. மறுநாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவரே காபி போட்டார்.

ஜனவரி 7, காலை
முதலில் கேட்டிருக்க வேண்டியதை நேற்றுக் கேட்காமல் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு வலி இருக்கிறதா? செக்கப்பில் தற்செயலாகத் தெரிந்த கல், எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது. அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவரிலிருந்து நான்கு பேர் வரைதான் தொந்தரவு வந்து திரும்பி வருகிறார்கள். கல் மிகப் பெரிதாக இருப்பது, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, கூடவே பெரிய பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) இருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும், வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள். ஆகவே துளையா கிழிசலா என்பதற்கு முன்னால், இது தேவையா என்று மூன்று டாக்டர்களிடமும் கேட்டீர்களா?

ஜனவரி 7, மதியம்
மாமா சொன்னதற்கு. கல்லை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, பித்தப்பையையே எடுத்துவிடுகிறார்கள். துளை வழியாகச் செய்தாலும் கிழித்துச் செய்தாலும் அதேதான். பையை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பெரும்பாலும் தொப்புள் துளை வழியாக வெளியே இழுப்பார்கள். பையை வைத்துக்கொண்டு கல்லை மட்டும் எடுத்தால் அதே பையில் மறுபடி கல் வரும். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை வெறும் சேமிப்புக் கிடங்கு. கிடங்கு போனால் பித்தம் நேராகக் குடலுக்கு வடியும். சிலருக்குச் சில வாரம் வயிறு இளகிப் போகும், அவ்வளவுதான்.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சிறுநீரகக் கல்லுக்கு நம் வீடுகளில் கொடுப்பது. சிறுநீரகக் கல் சின்னதாக இருந்தால் தானாகச் சிறுநீரோடு இறங்கிவிடும். பித்தப்பைக் கல் வேறு இடம், வேறு சரக்கு. அது நகர்ந்தால் பித்தக்குழாயில் போய் அடைக்கும், அதுதான் ஆபத்து. கரைக்கிற மாத்திரை ஒன்று உண்டு. சில வகைக் கல்லுக்கு மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வருகிறது.

ஜனவரி 9
"வலியெல்லாம் இல்லை அக்கா, வாயுத்தொல்லை மட்டும் அடிக்கடி வரும், ஓம வாட்டர் குடித்தால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் அம்மாவுக்கும் இரண்டு வருஷம் வாயுதான். ராத்திரி பஜ்ஜியோ பரோட்டாவோ சாப்பிட்டால் பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். நெஞ்சுக்குழியில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இங்க பிடிச்சுகிட்டு முதுகுக்குப் போகுதுடி" என்பார். சுடுதண்ணீர், ஜெலுசில், ஈனோ, பெருங்காயம். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து வலி தானாக அடங்கிவிடும். அடங்கியது பெருங்காயத்தால் என்று நாங்கள் நம்பினோம். பையின் வாயில் போய் அடைத்த கல் தானே விலகிவிட்டால் வலி போய்விடும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

உங்கள் அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ராத்திரிகளில் வருகிறதா? வலது விலாவுக்குக் கீழேயோ நெஞ்சுக்குழியிலோ ஆரம்பித்து முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ போகிறதா? அரை மணிக்கு மேல் விடாமல் நிற்கிறதா? வெறும் ஏப்பம், உப்புசம் என்றால் அதற்குக் கல் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் பையை எடுத்த பிறகும் உப்புசம் போகாது. அந்த விலா வலி என்றால், அது வலிதான். வாயு என்று பெயர் வைத்து இழுக்காதீர்கள்.

2022 பிப்ரவரியில் அம்மாவுக்குக் காய்ச்சலோடு வலி வந்தது, இரண்டு நாளாகியும் விடவில்லை. பித்தப்பை வீங்கிச் சீழ்க்கட்டும் நிலை. ஆன்டிபயாட்டிக் போட்டு ஆற வைத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் நாங்கள் போகவில்லை. வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், அம்மா இல்லாமல் யார் முன்னால் நிற்பது? ஆடி பிறக்கிற நேரத்தில்தான் போனோம். ஐந்து மாதம். நடுவில் இன்னும் இரண்டு முறை வலி வந்ததை அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை.

இப்போதெல்லாம் வீக்கம் வந்த புதிதிலேயே, முதல் சில நாட்களுக்குள், உடம்பு தாங்குமென்றால் அதே அட்மிஷனில் எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள். ஆற வைக்கப் போட்ட இடைவெளியில் மறுபடி வலி வந்து ஓடி வருகிறவர்கள் நிறைய.

ஜனவரி 10, இரவு
நான் 6-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். நேற்று எழுதி முடித்தபின் தூக்கம் வரவில்லை. பீரோவின் மேல் தட்டில் அம்மாவின் ஃபைல் இருந்தது, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து முதல் முறையாக முழுக்கப் படித்தேன். புரியாத வார்த்தைகளை நர்ஸ் வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகளிடம் போனில் கேட்டுக்கொண்டேன்.

கொழுப்பு மடிப்பும் பெருங்குடலும் வந்து பித்தப்பையோடு ஒட்டிக் கிடந்திருக்கின்றன. அதைப் பிரிக்கவே முக்கால் மணி நேரம். பிரித்த பிறகும், பையின் கழுத்துப் பகுதி முழுக்க இறுகிப்போய், எது பையின் குழாய், எது கல்லீரலிலிருந்து வரும் முக்கியக் குழாய் என்று அடையாளம் தெரியவில்லை. "பாதுகாப்பாகத் தொடர இயலாததால் ஓப்பனுக்கு மாற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறது.

தங்கச்சி விளக்கினாள்: பையை வெட்டுவதற்கு முன்னால் ஒரு விதி உண்டாம். பைக்குள் போகிற இரண்டே இரண்டு பொருள், ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், இரண்டும் தனித்தனியாகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் கிளிப் போடக் கூடாது, வெட்டக் கூடாது. அவசரத்தில் முக்கியப் பித்தக்குழாயை வெட்டிவிட்டால் நோயாளியின் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். குடலை இழுத்து கல்லீரலோடு சேர்த்துத் தைக்கிற பெரிய ஆபரேஷன் வரை போகும். லேப்ராஸ்கோப்பியில் இந்தக் குழாய்க் காயம் ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை நேர்கிறது, ஓப்பனைவிடக் கொஞ்சம் அதிகம். குறைவுதான், ஆனால் அந்த ஒருவர் நம் அம்மாவாக இருந்தால்?

ஆக அந்த டாக்டர் கை பழகாதவர் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியவர். துளையில் ஆரம்பித்து ஓப்பனுக்கு மாறுவது நூற்றில் இரண்டிலிருந்து பத்துப் பேருக்கு நடக்கிற விஷயம், வீங்கி ஒட்டிய பையில் இன்னும் அதிகம். அம்மா வயிற்றில் அந்த ஆறு அங்குலத்தைப் போட்டது நாங்கள் கடத்திய ஐந்து மாதமும் அதற்கு முந்தைய இரண்டு வருஷ வாயுவும்தான். வராந்தாவில் தம்பி கத்தியதற்கு இப்போது வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு குறை இன்னும் உண்டு. வந்து சொன்னவர் இரண்டு நிமிடம் நின்று, ஏன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், ஒன்றரை வருஷம் அவர்களைத் திட்டியிருக்க மாட்டேன்.

ஜனவரி 10, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து
நாத்தனாருக்கு மூன்று துளை என்றதும் தப்பு. கேட்டேன். நாலு. தொப்புளில் போட்டது மடிப்புக்குள் மறைந்துபோய், தேடினால்தான் தெரிகிறது.

ஜனவரி 13
ரோபோ பற்றி. பெயரைக் கேட்டதும் இயந்திரம் தானாகச் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மேசையில் டாக்டர் உட்கார்ந்து, திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டு, கைப்பிடிகளை அசைக்கிறார். அந்த அசைவைத்தான் ரோபோவின் கைகள் வயிற்றுக்குள் செய்கின்றன. ஆழமான, குறுகலான இடங்களில், உதாரணமாக புராஸ்டேட்டில், அதற்கு மதிப்பு இருக்கிறது. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையிலேயே 2022-இல் ரோபோ கொண்டு வந்தார்கள்.

ஆனால் ஒரு சாதாரணப் பித்தப்பைக்கு இரண்டு மடங்கு பணம் எதற்கு? அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பித்தப்பை ஆபரேஷன்களை ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டார்கள். சரிசெய்ய வேண்டிய பித்தக்குழாய்க் காயம், ரோபோவில் ஆயிரத்துக்கு ஏழு, சாதாரண லேப்ராஸ்கோப்பியில் ஆயிரத்துக்கு இரண்டு. ரோபோவே கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்த ஆபரேஷனில் கூடுதல் பாதுகாப்பு என்று சொல்லிப் பணம் வாங்க அதில் இடமில்லை. எனக்கென்றால் வேண்டாம் என்பேன்.

ஜனவரி 17
பொங்கல் வேலையில் எழுத முடியவில்லை. இதற்குள் ஒருவர், "இந்தக் காலத்தில் எந்த ஆபரேஷனையும் கிழித்துச் செய்கிற டாக்டரிடம் போகவே கூடாது" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே நடந்துகொண்டால் என்ன ஆவது என்று பயமாக இருக்கிறது.

2019-இல் என் சித்திக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆரம்ப நிலை. டாக்டர் ஓப்பன்தான் செய்வேன் என்றார். லேப்ராஸ்கோப்பி கற்றுக்கொள்ளாத பழைய ஆள் என்று நினைத்து நான்தான் போய் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் பின்பக்கம் இரண்டு எண் எழுதினார்: 99, 93.8. முந்தைய வருஷம் வெளியான பல நாட்டு ஆய்வு, 631 பெண்கள். மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஓப்பனில் நூற்றுக்கு 99, துளை வழியில் 93.8. அதுவரை துளையில் செய்துகொண்டிருந்த பல மருத்துவமனைகள் அதற்குப் பிறகு ஓப்பனுக்குத் திரும்பின. "எனக்கு ரெண்டும் தெரியும்மா, உங்க சித்திக்கு இதுதான்" என்றார். சித்தி நன்றாக இருக்கிறார்.

என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம், ஒரு பக்கம். அதற்கு லேப்ராஸ்கோப்பி என்றால் முழு மயக்கம் வேண்டும். அவருக்கு நுரையீரலில் பழைய கோளாறு இருந்ததால், முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக வைத்து, சின்னதாகக் கிழித்து வலை வைத்துத் தைத்தார்கள். உள்ளே படுத்துக்கொண்டே டாக்டரிடம் கிரிக்கெட் பேசியிருக்கிறார். இரண்டு பக்கமும் இருந்தாலோ, ஏற்கெனவே ஓப்பனில் செய்து திரும்பி வந்தாலோ துளை வழி பெரும்பாலும் மேல். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

ஜனவரி 18
"துளை ஆபரேஷன் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது" என்ற பயத்துக்கு: ஜெர்மனியில் எரிக் மியூ என்ற டாக்டர் முதன்முதலில் பித்தப்பையை இப்படி எடுத்தது 1985-இல். அவருடைய நாட்டு அறுவை சிகிச்சை சங்கத்தில் அவரை அப்போது மதிக்கவே இல்லை, பிறகு 1992-இல் அதே சங்கம் விருது கொடுத்தது. நம் நாட்டில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா 1990-இல் ஆரம்பித்தார். கோவையில் டாக்டர் பழனிவேலு இதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய வழி.

ஜனவரி 21
பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் போய், இந்த ஆபரேஷனுக்கு இங்கே அனுமதி உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் லேப்ராஸ்கோப்பி செய்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் செய்து செய்து பழகிய கைகள் அங்கே உண்டு. தனியார் என்றால், "ஓப்பனுக்கு மாறினால் பில் எவ்வளவு?" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஜனவரி 23
அப்பாவுக்குக் கல்லும் இருக்கிறது, கண்ணும் மஞ்சளாகிவிட்டது, கீழாநெல்லி கொடுக்கிறோம் என்று எழுதிய சகோதரிக்கு: தயவுசெய்து இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது கல் இறங்கிக் குழாயை அடைத்ததால் வந்த மஞ்சளாக இருக்கலாம். அடைப்பைக் கீழாநெல்லி திறக்காது. கூடவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இருந்தால் ராத்திரியென்றும் பார்க்காதீர்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுத்துவிடுவார்கள், வயிற்றில் துளைகூட வேண்டாம். பையை அதற்குப் பிறகு எடுப்பார்கள்.

பிப்ரவரி 2
உங்கள் அம்மாவுக்கு இருந்தது விலா வலியேதான் என்று டாக்டர் உறுதி செய்து, 7-ஆம் தேதி குறித்திருக்கிறார்கள். கேட்டதும் நிம்மதி.

டாக்டரிடம், மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அன்றைக்கு நீங்களே செய்வீர்களா, எந்த நிலையில் ஓப்பனுக்கு மாறுவீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "என்னிடம் அப்படி நடக்கவே நடக்காது" என்று சொல்பவரைவிட, "தெளிவாகத் தெரியவில்லை என்றால் மாறிவிடுவேன்" என்று சொல்பவரை நம்புவேன்.

ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் காலை ஆறு மணிக்கு, அம்மாவின் வளையலையும் தோட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன். ஓப்பனுக்கு மாறலாம் என்ற வரி அதிலேயே இருந்திருக்கிறது. அம்மாவுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். கண் விழித்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "என்னடி இவ்வளவு பெருசா இருக்கு" என்று என் அம்மா கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

பிப்ரவரி 9, காலை
நாலே துளையில் முடிந்துவிட்டது, ஆனால் ராத்திரி முழுக்க வலது தோள்பட்டை வலி, ஹார்ட் பிரச்சினையா என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டியூட்டி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஈசிஜி எடுத்தாலும் நல்லதுதான். நாத்தனாருக்கும் இதே வலி வந்து, குடும்பமே திரண்டு ஈசிஜி எடுத்தோம். வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு வாயு விடுகிறார்கள். அது எரியாது, ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியே போய்விடும் என்பதால் அந்த வாயு. கொஞ்சம் மிச்சம் நின்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும். அங்கே உறுத்தினால் தோள்பட்டையில் வலிப்பதுபோல் தெரியும், இரண்டுக்கும் நரம்பு ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஓரிரு நாளில் போய்விடும். எழுப்பி மெதுவாக நடக்க வையுங்கள். ரசம் சாதம் கொடுக்கலாம்.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், கண் மஞ்சள், நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று வலி, விடாத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் திரும்ப அங்கேயே போய்விடுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவது கொஞ்ச வாரத்துக்கு வேண்டாம்.

பிப்ரவரி 20
அம்மா கோயிலுக்குப் போய் வந்த செய்தி பார்த்தேன். ஒன்று கேட்க வேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கிவிட்டீர்களா? எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் நாம் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறோம், தையல் பிரித்தால் மறந்துவிடுகிறோம். அபூர்வமாகத்தான், ஆனால் பைக்குள் புற்றுநோய் மறைந்திருந்து இந்தப் பரிசோதனையில்தான் தெரிகிறது. என் அம்மாவின் கற்களை ஆபரேஷன் அன்றைக்கே ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பதினொன்று, கொண்டைக்கடலை மாதிரி. வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினோம். ரிப்போர்ட்டை வாங்கப் போனது டிசம்பரில். வெறும் பழைய வீக்கம் என்று இருந்தது, பிழைத்தோம். நாளைக்குக் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள் தம்பி, வாங்கியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.